கர்ணம் வீட்டுப் பெண்

டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசியை எடுக்கக் கூடாது. அன்று அது என் கைப்பைக்குள் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அரக்கோணத்தில் காலை வண்டிகளின் கூட்டம் கொஞ்சம் வடிந்ததும், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து எடுத்தேன். எங்கள் ஊர் வி.ஏ.ஓ. பேசினாள். வேலைக்குப் புதிதாக வந்திருந்த சின்னப் பெண்.

"அக்கா, உங்க அப்பா ஆபீசுல வந்து உக்காந்துகினு இருக்காரு. ஜமாபந்தி வருது, கணக்கு முடிக்கணும்னு சொல்றாரு. எழுந்துக்க மாட்டேன்றாரு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

ஜமாபந்தி என்றால் தாலுகாவில் ஊர்க் கணக்கைச் சரிபார்க்கும் நாள். அது முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. என் நைனா அந்தக் கணக்கை எழுதுவதை விட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுத் திருத்தணி வண்டியைப் பிடித்து, அங்கிருந்து பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்தேன். அலுவலகம் ஏரிக்கரை முனையில் இருக்கிறது. ஒரே அறை. நைனா வெளுத்த வேட்டி கட்டி, தோளில் மடித்த துண்டோடு வி.ஏ.ஓ.வின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கையில் ஃபைலோடு வாசலில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தாள். வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வந்தவர்கள் சுற்றிலும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டே, "கர்ணம் திரும்ப டூட்டில சேந்துட்டாரு" என்றான்.

எனக்கு முகம் எரிந்தது. அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். என்னைப் பார்த்ததும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை மன்னிப்பாகச் சொன்னேன். "பரவால்லக்கா, எங்க தாத்தாவும் கடைசில இப்டித்தான் இருந்தாரு" என்றாள்.

கர்ணம் என்றால் ஊர்க்கணக்கு எழுதுகிறவர். யார் நிலம் எது, எந்த வயலுக்கு எவ்வளவு தீர்வை, எது ஏரி, எது வழி என்று எழுதி வைப்பது எங்கள் வீட்டுக்குப் பரம்பரையாக வந்த வேலை. ஜமீன் இருந்த காலத்தில் ஜமீனுக்கு எழுதினோம். பிறகு வெள்ளைக்காரன் ஆண்ட வட ஆற்காடு ஜில்லாவுக்கு எழுதினோம். சித்தூர் தனி ஜில்லா ஆனபோது அதற்கு எழுதினோம். எல்லைப் போராட்டம் நடந்து திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் நாங்கள் செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் ஆனோம். அதுவரை தெலுங்கில் கணக்கு எழுதிவந்த என் தாத்தா, நரைத்த தலையோடு தமிழ் எழுத்துப் பழகினாராம். வீட்டில் இன்றைக்கும் தெலுங்குதான். இப்போது ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. "ராஜ்ஜியம் எத்தினி மாறுனாலும் நம்ம ஊட்டு எழுத்து மாறல" என்று நைனா சொல்லும்போதெல்லாம் சிறு வயதில் எனக்கு நெஞ்சு விரியும். அதையே பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

நான் நைனாவைக் கர்ணமாகப் பார்த்ததே இல்லை. எனக்கு நினைவு தெரிவதற்குள் அரசாங்கம் பரம்பரை வேலைகளை ஒழித்துவிட்டது. பரீட்சை எழுதித் தேறினால் வி.ஏ.ஓ. ஆகலாம் என்றார்கள். நைனா எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர், எழுதியிருக்கலாம். "என் ஊருக்கு நான் பரீட்சை எழுதணுமா?" என்று கேட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு இருந்ததெல்லாம் கொஞ்சம் நிலமும் அந்தப் பெயரும்தான். ஊரில் பெயர் மட்டும் போகவில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதும், கட்டிய இடம் சரியில்லாமல் நான் திரும்பி வந்தபோதும், ரயில்வேயில் வேலை கிடைத்தபோதும் நான் கர்ணம் வீட்டுப் பெண்தான்.

அந்த முதல் நாளுக்குப் பிறகு நைனா அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. திருத்தணியில் டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய், மெல்ல மெல்லக் கூடும், புதியது போய்ப் பழையது மட்டும் நிற்கும் என்றார். அம்மா கதவைத் தாழிட்டு வைத்தாள். அம்மா பின்கட்டுக்குப் போகும் நேரம் பார்த்து அவர் தாழைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். நேராக ஏரிக்கரைதான்.

வி.ஏ.ஓ. அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மேசைக்குப் பக்கவாட்டில் போட்டுவைத்தாள். அவளை அவர் தன்னிடம் வேலை பழக வந்தவள் என்று நினைத்துக்கொண்டார். "ஏம்மா பொண்ணு, கோடு நேரா போடு" என்பார். அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே "ஆங், போடறேன் சார்" என்பாள். ஒரு நாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவள் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்து வீட்டில் விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தாலும், உள்ளூர ஒரு நிம்மதியும் வந்துவிட்டது. அவர் பகலில் எங்கே இருக்கிறார் என்பதாவது தெரிகிறதே. அடுத்தவர் பொறுமையில் என் அப்பாவை இறக்கி வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஏரியின் உபரி வாய்க்கால் போகிறது. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் முதலில் போவது காலனிக்குள்தான். ஊர் மேட்டிலும் அவர்கள் பள்ளத்திலும் இருப்பதை ஏரி, மரம் மாதிரி இயற்கையாக அமைந்த ஒன்றாகத்தான் நான் நினைத்திருந்தேன். அங்கே பாதி வீடுகளுக்குப் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் கணக்கில் அது ஏரிப் புறம்போக்கு. இந்த வி.ஏ.ஓ. பெண் வந்த பிறகுதான் மனு எழுதி, மேலே அனுப்பி, அலைந்து, அந்த இடத்தைக் குடியிருப்பு நத்தமாக மாற்ற உத்தரவு வாங்கினாள். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார். ஒரு நாள் காலனி ஆட்கள் ஆதார் நகலும் கரண்ட் பில் நகலுமாக அலுவலகத்துக்கு வந்தார்கள்.

அன்று எனக்கு வார ஓய்வு. துணி அலசிக்கொண்டிருந்தேன். நைனாவைக் காணோம் என்று அம்மா சத்தம் போட்டாள். ஈரக் கையோடு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்துக்குள்ளும் வாசலிலும் கூட்டம். நைனா தன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மேசைக்கு எதிரே காலனியின் வயதான அம்மா ஒருத்தி வி.ஏ.ஓ.வின் கன்னத்தைத் தொட்டு வழித்து, "எங்க ஜனத்துல பொறந்த பொண்ணு, அதான் எங்களுக்காவ இம்மாந்தூரம் அலைஞ்சிருக்குது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனா தலையைத் திருப்பினார். "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவள் அரக்கோணத்துப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னாள். "அங்க யாரு ஊடு?" என்றார். அவள் வேலையை நிறுத்தாமல், சாதாரணமாக, "காலனி சார்" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூலையில் தலையாரி ஸ்டூலில் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வி.ஏ.ஓ.வுக்குக் கீழே கிராம உதவியாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், காலனிக்காரர். அவருக்கு முன்னால் அவர் அப்பா நைனாவிடம் தலையாரியாக இருந்தவர்.

"டேய், தண்ணி எடுத்தாந்து அந்த நாற்காலிய கழுவு" என்றார் நைனா.

குரல் பெரிதாக இல்லை. கோபமும் இல்லை. தினம் சொல்கிற வேலையைச் சொல்வது மாதிரி இருந்தது. அதைக் கேட்டதும் தலையாரி எழுந்தார். எழுந்து, மூலையில் இருந்த குடத்தில் இரண்டு கையையும் வைத்துத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. குடத்தை வயிற்றோடு அணைத்தபடி அப்படியே நின்றார். காலனி ஆட்கள் நைனாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் தலையாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, குடத்த வைங்க" என்றாள்.

அவர் வைத்தார். கொஞ்சம் தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் விழுந்தது. அவர் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். வாசலில் இருந்த இளைஞர்கள் அப்போதுதான் சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஒருவன் போலீஸுக்குப் போன் செய்யப் போவதாகச் சொன்னான். அவன் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. நான் நைனாவின் தோளைப் பிடித்து, ஏறக்குறைய தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வழிநெடுக, "கழுவல பாரு, கழுவாம போறான் பாரு" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வெயிலில், அந்தத் தெருவில், அவர் என் அப்பா இல்லை என்று யாரிடமாவது சொல்ல முடியாதா என்று இருந்தது.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வியாதி பேசுது, அவரா பேசறாரு" என்றாள். நானும் அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. புதியது போய்ப் பழையது நிற்கும் என்றாரே தவிர, இல்லாதது வரும் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டு எழுத்து மாறவில்லை என்று நைனா சொன்ன பெருமையை அன்று சாயங்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஜமீன் போய், ஜில்லாக்கள் மாறி, மொழி மாறி, இத்தனைக்கும் நடுவில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரே சொல்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது. புறம்போக்கு. எழுதியது எங்கள் வீடு.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் அலுவலகத்துக்குப் போனேன். வி.ஏ.ஓ. அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கேஸ் குடுக்கலாம்னு பசங்க சொன்னாங்க. பட்டா கைக்கு வர்ற நேரம், இப்ப இத ஆரம்பிச்சா அது நின்னுடும். அதுக்காவத்தான் வேணாம்னேன். உங்களுக்காவ இல்ல."

நான் தலையாட்டினேன்.

"இனிமே சார இங்க அனுப்பாதீங்கக்கா. அந்த சேர நான் எடுத்துட்டேன்" என்றாள். பிறகு, "என்கிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க? தலையாரி அண்ணன் நேத்து எழுந்து போனவரு, திரும்பி வரவேயில்ல" என்றாள்.

அன்று மாலை வேலை முடிந்து திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் வாய்க்காலைத் தாண்டினேன். தலையாரி வீடு எது என்று ஒரு பெண்ணிடம் கேட்க வேண்டியிருந்தது. பிறந்து வளர்ந்த ஊரில், தினம் பார்க்கிற ஒரு மனிதரின் வீட்டுக்கு வழி கேட்டேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினாள்.

சிமென்ட் ஷீட் போட்ட வீடு. கதவருகே அவருடைய பேத்தி நின்றிருந்தாள். திருத்தணியில் கல்லூரிக்குப் போகிறவள், ரயிலில் பார்த்திருக்கிறேன். பட்டா விஷயமாகத் தாத்தாவோடு அன்று அவளும் அலுவலகத்துக்கு வந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"உங்க நைனாவுக்கு வியாதின்னு சொல்ல வந்தீங்களா?"

வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு வந்தது அதைத்தான். நைனாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது, என்ன பேசுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வரிசையாக வைத்திருந்தேன். அவள் கேட்டதும் அவ்வளவும் போய்விட்டது.

உள்ளே இருந்து தலையாரி, "யாரும்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டின் மேல் அவர் கை போனது. எடுக்கப் போன கை அங்கேயே நின்றது. பேத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை இறக்கிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "அவரு பேச்சு எனக்குப் புதுசு இல்லம்மா. எங்கப்பன் கேட்டான், நானும் கேட்டேன். அவருக்கு நெனப்பு போயிட்ச்சி, சரி. எனக்கு இன்னா ஆச்சி? நான் ஏன் எழுந்தேன்? அதத்தான் நேத்துலேர்ந்து யோசிச்சிகினு கீறேன். இந்தப் பொண்ணு பாத்துகினு இருந்திச்சி."

பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வுடு தாத்தா" என்றாள்.

அவர் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். யாரும் உட்காரச் சொல்லவுமில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் குடித்துவிட்டு, அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

சில நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். எங்கள் தெரு வழியாக வருவதை மட்டும் விட்டுவிட்டார். ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். பட்டா வழங்கும் விழாவை மண்டபத்தில் நடத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த வி.ஏ.ஓ. வேறு பிர்க்காவில் ஒரு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய உறவு எங்களுக்குள் மிச்சமிருக்கவில்லை.

நைனாவைப் பார்த்துக்கொள்ள நீண்ட விடுப்பு எடுத்தேன். தமிழ் அவரை விட்டுப் போயிற்று. கடைசி மாதங்களில் தெலுங்கு மட்டும்தான். சித்தூரிலிருந்து தாசில்தார் வரப்போவதாகச் சொல்லி வேட்டி மாற்றிவிடச் சொல்வார். நான் மாற்றிவிடுவேன். குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவர் மேல் பாசமும், அவரை நினைத்து வெட்கமும் ஒரே நேரத்தில் என்னிடம் இருந்தன. ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை. சோறு ஊட்டும்போது சில நாள் அந்த வாயைப் பார்ப்பேன். அப்போது கை கொஞ்சம் நின்றுவிடும். பிறகு ஊட்டுவேன்.

மழை தொடங்கிய சமயத்தில் அவர் போனார். எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து வந்து பறை அடிப்பதும், உறவு ஊர்களுக்குப் போய்ச் சேதி சொல்வதும் முன்பு வழக்கமாம். யாரும் வரவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து வந்த என் சித்தப்பா அதற்காகக் கத்தினார். கர்ணம் வீட்டுச் சாவுக்கு இந்தக் கதியா என்று கேட்டார். நான், யாரையும் கூப்பிடக் கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். திருத்தணியில் ஒரு பேண்டு செட்டுக்குப் போன் செய்து வரவழைத்தோம். நானே போனில் எல்லாருக்கும் சேதி சொன்னேன்.

சித்தப்பா அதற்குள் பேனர் அடித்துக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார். நைனாவின் பழைய படம். கீழே பெரிய எழுத்தில், பெயரைவிடப் பெரிதாக, கர்ணம் என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம் என்று கேட்டேன். "அது இல்லன்னா உங்க நைனா யாரு?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். பஸ் ஸ்டாப் காலனிப் பாதையின் முனையில் இருக்கிறது. காலேஜுக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் அதற்கு நேர் கீழேதான் நின்று பஸ் ஏற வேண்டும்.

காரியம் முடிந்த மறுநாள், வேலைக்குக் கிளம்பி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அந்தப் பேத்தியும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேலே நைனா. என்னால் நிற்க முடியவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கம்பத்தில் முறுக்கியிருந்த கட்டுக்கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் அவிழ்ந்ததும் பேனர் மடிந்து என் தோளில் விழுந்தது. மறுபக்கத்துக் கம்பி வரவில்லை. விரல் கிழிந்து ரத்தம் வந்தது. பஸ் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள், பஸ் போய்விட்டது.

தலையாரி டி.வி.எஸ். வண்டியில் காலனிப் பக்கமிருந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார். இறங்கவில்லை. வண்டியை முடுக்கிக்கொண்டு அலுவலகத்துப் பக்கம் போய்விட்டார்.

அவர் இதில் கை வைக்காமல் போனது எனக்கு நல்லதாகப் பட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போராடி அந்தக் கம்பியையும் நானே பிரித்தேன். பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், அடுத்த பஸ்ஸுக்காக நின்றேன்.